என்னைத் திட்டாத குரல்

என் பெயர் ஹரிஹரன், வயது 30, தகப்பனார் பெயர் வாசுதேவன். சதுரங்கப்பட்டினத்தில் அக்கா பூங்கொடி வீட்டில் குடியிருந்துகொண்டு, மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் நாலு வருடமாகத் தோட்ட வேலை பார்த்து வருகிறேன். இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளும் உதவி ஆய்வாளர் ஜெனிஃபர் மெதுவாகப் பேசும்படி இரண்டு முறை சொன்னார். என்னால் முடியவில்லை.

ஒன்பதாவது படிக்கும்போது, பதினாலு வயதில், கூட்டாளிகளோடு கஞ்சா அடிக்கத் தொடங்கி ஐந்து வருடம் விடாமல் அடித்தேன். பத்தொன்பதில், ஆள் இல்லாமலே குரல் கேட்க ஆரம்பித்தது. செங்கல்பட்டில் வைத்தியம் பார்த்தார்கள். அவ்வளவு சின்ன வயதில் தொடங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் மீரா சொன்னார். கஞ்சாவை விட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. மாத்திரை தவறுவதில்லை. இருந்தும் எப்போதாவது குரல் வரும், வந்தால் என் பெயரைச் சொல்லித் திட்டும். சந்தேகமாக இருந்தால் போனில் பதிவு செய்து போட்டுக் கேள், அதில் இல்லையென்றால் வெளியிலும் இல்லை என்று டாக்டர் பழக்கியிருந்தார். நூறு தடவைக்கு மேல் செய்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் பதிவில் எதுவும் இருந்ததில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஹோட்டலின் பின்புறம் தரைக்கடியில் உள்ள தண்ணீர் சம்ப்புக்குப் பக்கத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்தேன். சம்ப் மூடியிருந்தது. தண்ணீர் லாரி வந்து, குழாயை மாட்டித் திறந்துவிட்டார்கள். அப்போது "தண்ணி வுடாதீங்க" என்று கேட்டது. மேற்பார்வையாளர் கிரிதரிடம் போய்ச் சொன்னேன். அவர், "உனுக்கு எப்பவும் எதுனா கேட்டுகினுதானே கீது. மாத்திர போட்டியா?" என்றார். நானும் அவரை நம்பித் திரும்பிவிட்டேன். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அதன் பிறகு மறுபடியும் கேட்டது. இந்தக் குரல் என் பெயரைச் சொல்லவில்லை, என்னைத் திட்டவில்லை, என்னை அதற்குத் தெரியவே தெரியாது. உடனே மண்டி போட்டு, மூடி இடுக்கில் போனை வைத்து அரை நிமிடம் பதிவு செய்து, தள்ளிப்போய்ப் போட்டுக் கேட்டேன். மேடம், பதிவில் இருந்தது. அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு பயமும் எனக்குச் சேர்ந்து வந்ததே இல்லை. ஓடிப்போய் லாரி வால்வை நானே மூடினேன். டிரைவர் தனகோடி என் சட்டையைப் பிடித்தார், அவர் காதில் போனை வைத்தேன். கேட்டுவிட்டு, "உள்ள ஆளு கீறான்யா" என்று அவரும் ஓடி வந்தார். இருவரும் மூடியை நகர்த்தினோம். காலையில் சம்ப்பைக் கழுவ இறங்கிய ஹோட்டல் வேலையாள் ரமேஷ் மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழுக்கி விழுந்து மயங்கிக் கிடந்தவனை எட்டிக்கூடப் பார்க்காமல், ஏணியை எடுத்து மூடியிருக்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் இட்லி கேட்டுச் சாப்பிடுகிறான்.

தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று கிரிதர் சொல்வதாக அறிகிறேன். நான் சொன்னேன். அதற்குப் பிறகு எடுத்த பதிவின் நேரம் பத்து நாற்பத்தொன்று என்று போனில் இருக்கிறது. கஞ்சாவையும் நோயையும் எழுதாமல் விட்டுவிடலாமா, எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைப் பைத்தியம் என்பார் என்று மேடம் அக்கறையாகத்தான் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அது இல்லாவிட்டால் நான் எதற்காகப் போனை எடுத்தேன் என்று யாருக்கும் புரியாது.

மேலே எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. நோய் வந்த நாளிலிருந்து எந்தக் காகிதமானாலும் எனக்காக அக்காதான் கையெழுத்துப் போடுவார், இன்றும் அதற்காகவே கூட வந்தார். சாட்சி சொல்வது ஹரிஹரன்தான், அவரே போடட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். நானே போடுகிறேன்.

(ஒப்பம்) வா. ஹரிஹரன்