வேணி வரமாட்டா

“ஹலோ... ஹலோ, எம்.பி. ஐயா ஆபீசுங்களா? ராஜராஜன் தம்பிங்களா... நான் பெரம்பலூர் ஜெகதாம்பாள் பேசறேன், மகளிர் சங்கம்... ஆமா, ஆமா, அந்தக் குடும்ப வன்முறை மசோதாவுக்காக மனுவும் கையுமா வந்து நிப்பேனே, அவளேதான்...”

ஆஸ்பத்திரிக்கு எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்தில், கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றாள் ஜெகதாம்பாள். ஆறு வருஷம் நடையாய் நடந்து வாங்கிய சந்திப்பு, நாளைக்குப் பத்து மணிக்குச் சென்னையில். பாழாய்ப்போன விதி, அதற்கு முதல் நாளா இது நடக்க வேண்டும்!

“டிக்கெட் எடுத்தாச்சுங்க... அதில்ல தம்பி. வேணி வரமாட்டா... பயமெல்லாம் இல்லீங்க, கொஞ்சம் சொல்ல வுடுங்க... வேணி போயிட்டா தம்பி. விடியக்காலம். புருஷங்காரன் அடிச்சதுல மண்டையில அடி... ஆமா, பட்ட அடிய ஐயாகிட்ட நேர்ல சொல்ல வர்றதா இருந்த அந்த வேப்பந்தட்டைப் பொண்ணுதான்... புடிச்சுட்டாங்க. அவனப் புடிச்சு இனி என்னத்துக்கு?

“...வேற ஆளா? ஏன் தம்பி, கத்திரிக்காயா, சொத்தைன்னா வேற எடுத்துப் போட?... கோவமில்லீங்க. உங்கமேல எனக்கென்ன கோவம்... ம்... ஐயா என்ன கேப்பாரு?... ‘அவ்வளவு அடிச்சும் அந்த வூட்ட வுட்டு ஏன் வரல’ன்னா...”

ஜெகதாம்பாள் திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேணியின் தாய் வேம்பு, சென்னைக்குப் போக மகள் கட்டி வைத்திருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் தேவலை.

“இருக்கேன் தம்பி... அவ வந்தா. போன மாசம் பையத் தூக்கிக்கிட்டு எங்க ஆபீசுக்கே வந்துட்டா. ‘அக்கா, ஒரு மூலையில கெடந்துக்கறேன்’னா. நான்தான்... ‘வூட்ட வுட்டு எறங்கிட்டா மறுபடி உள்ள நொழைய ஒனக்குச் சட்டம் இல்லடி. அந்த உரிமைக்குத்தான நாங்க அலையறோம். மசோதா வர்ற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இரு’ன்னு நானே பஸ் ஏத்தி அனுப்புனேன்...

“...இல்லீங்க, ஆறுதல் சொல்லாதீங்க... ஐயா குடுத்த நேரத்த மட்டும் ரத்து பண்ணிடாதீங்க, கால்ல வேணா வுழறேன். நான் வர்றேன். ஐயா கேக்கறதுக்கு நானே பதில் சொல்றேன்... சட்டம் இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா எங்க ஆபீசுல ஒரு மூலை இருந்துச்சே தம்பி... ஹலோ?... தம்பி?... ஹலோ...”

லைன் அறுந்துபோயிருந்தது.