விடை தெரியாமல் போட்ட புதிர்

எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா இருந்தவரைக்கும் அவருடைய மூக்குக் கண்ணாடி, அம்மாவின் கத்தரிக்கோல், அடுப்பு லைட்டர். நான் எழுந்து போய்த் தேடுவதில்லை. கடைசியாக யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்பேன். பொருள் கிடைத்துவிடும். அக்கா என்னோடு கண்ணாமூச்சி ஆடவே மாட்டாள். “கண்ணைக் கட்டினாலும் இவ கண்டுபிடிச்சிடுவா. போடி, நான் வரல” என்பாள்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை உன் வார்த்தையிலேயே எழுது என்று சொல்லிப் பேனாவைக் கொடுத்தீர்கள். என் வார்த்தை இப்படித்தான் இருக்கும். அழுது எழுதினால்தான் நம்புவீர்கள் என்றால் அது என்னால் ஆகாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்கா பள்ளியை விட்டுத் தையல் ஆலைக்குப் போனதால்தான் நான் படித்தேன். இது எனக்குத் தெரியும். தெரியாதவளுக்குச் சொல்வதுபோல எல்லாரும் இதைச் சொல்லிக்காட்டினார்கள். நன்றி என்பது நாக்கில் ஒட்டிக்கொண்ட மாத்திரை மாதிரி. கரையவும் செய்யாது, துப்பவும் முடியாது.

அக்கா வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். ஒரு சண்டையில் அவளுடைய வலது கையை முறுக்கினார். எலும்பு சரியாகக் கூடவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர்க் குவளையைக்கூட அவள் இடது கையால்தான் எடுப்பாள். அடுத்த தடவை கழுத்து என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் செய்கிறவர். அதனால் ஒரு நாள், வேலைக்குக் கிளம்பிய உடையோடு அக்கா ஊரை விட்டுப் போனாள். போவதற்கு முன் என் அலுவலக வாசலுக்கு வந்தாள்.

“எங்க போறேன்னு உன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன். நீ என்னைத் தேடாத.”

“சரி.”

“என்னடி சரி? நீ தேடினா கண்டுபிடிச்சிடுவ. என் மேல சத்தியமா எழுந்து வந்து தேட மாட்டேன்னு சொல்லு.”

சத்தியம் செய்தேன். அதை நான் மீறவில்லை. இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகு மாமா மாலையானால் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார ஆரம்பித்தார். குடித்துவிட்டு வந்ததில்லை, கத்தியதில்லை. “அத்தை, உடம்பு தேவலையா?” என்று படுக்கையில் கிடக்கும் அம்மாவை விசாரிப்பார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பிறகு என்னைப் பார்ப்பார். “நீதான் படிச்சவளாச்சே. ஒரு வார்த்தை சொல்லேன்.” ஒரு நாள் கிரீஸ் கையோடு என் அலுவலக வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் எனக்குப் போன் செய்து, “உங்க வீட்டு ஆளாம்” என்று இழுத்தாள். அந்த ஓர் இழுவையில் நான் படித்த படிப்பெல்லாம் போனது.

அக்கா இணையத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பெயர் இல்லை, முகம் இல்லை. அதைப் பார்க்க அவள் அனுமதித்த ஒரே ஆள் நான். உயிரோடு இருக்கிறேன் என்று எனக்குச் சொல்வதற்காக மட்டும் அது. ஜன்னலோரத்தில் ஒரு தொட்டிச் செடி, பக்கத்தில் ஒரு கெட்டில். எப்போதும் அதே ஜன்னல்தான். ஒரு படத்துக்குக் கீழே “இன்னைக்குப் புது இலை” என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு நான் அம்மாவைப் புரட்டி, முதுகு துடைத்து, விரிப்பை அலசிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் மாமா. அங்கே புது இலை.

எங்கள் நிறுவனம் வருடந்தோறும் ஒரு பொதுப் போட்டி நடத்தும். கணினிப் பாதுகாப்பு கற்க ஆசைப்படுகிறவர்கள் குழுவாக வந்து, நாங்கள் கட்டிவைத்த பொய்யான சர்வர் கணினிகளை உடைத்து, உள்ளே ஒளித்துவைத்த சொல்லை எடுத்துக் கொடுத்தால் புள்ளி. முதலில் எடுக்கும் குழுவுக்கு மணி அடிப்போம். என் பிரிவு, ஆள் தேடும் புதிர். ஒருவர் போட்ட சில படங்களைக் கொடுப்போம். படத்தில் இருப்பதை மட்டும் வைத்து அவர் இருக்கும் தெருவைச் சொல்ல வேண்டும். மனிதர்கள் தங்களைத் தாங்களே எப்படிக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று புரியவைக்கும் பாடம். நல்ல பாடம்தான், இப்போதும் சொல்வேன்.

அந்த ஒருவர் எப்போதும் கற்பனை ஆள். படங்களை நாங்களே எடுப்போம். இது எல்லாருக்கும் தெரிந்த விதி என்பதால் யாரும் கேட்பதே இல்லை. நான் அக்காவின் படங்களைப் போட்டேன்.

புதிர்களைச் சரிபார்ப்பவனைத் தாடி என்று கூப்பிடுவோம். அவன் மட்டும் கேட்டான். “யார் வீட்டு ஜன்னல் இது?”

“நானே அலைஞ்சு எடுத்தது.”

“செடி வளர்க்குறியா நீ? உன் மேஜையில வச்ச கள்ளிச்செடியே காஞ்சு செத்துச்சு.”

சிரித்தோம். விடை எங்கே என்றான். இந்த ஒன்றை மட்டும் நானே கையால் திருத்துகிறேன், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற விளக்கத்துக்கும் புள்ளி உண்டு என்றேன். நல்ல யோசனை என்று போய்விட்டான். விடை தெரியாமலே ஒருத்தி புதிர் போடுவாள் என்று எங்கள் தொழிலில் யாருக்கும் தோன்றாது. அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

போட்டியன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, ஒன்றையொன்று அறியாத மூன்று குழுக்கள் ஒரே தெருவை எழுதிக் கொடுத்தன. கெட்டிலின் பளபளப்பில் கோணலாகத் தெரிந்த கடைப் பலகை, நிழல் விழுந்த விதம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பேருந்தின் நிறம். இத்தனை வாரமாக நானும் அதே படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் தேடவில்லை. நான் மணி அடித்தேன். கூடமே கை தட்டியது.

முதலில் வந்தது ஒரு கல்லூரிப் பெண்கள் குழு. அதில் பல்லில் கம்பி போட்ட பெண் ஒருத்தி மேஜைக்கே ஓடி வந்தாள்.

“அக்கா, கதையை எவ்வளவு நுணுக்கமா பண்ணியிருக்கீங்க. அவங்க இடது கைக்காரங்கதானே? அந்தக் கெட்டிலோட கைப்பிடி எல்லாப் படத்துலயும் இடது பக்கமே இருக்கு.”

என் அக்கா பிறவியில் வலது கைக்காரி. நான் திருத்தவில்லை.

“அப்புறம் அந்த ஜன்னல். வெயில் கொளுத்துற படத்துலகூடத் தாழ்ப்பாள் போட்டே இருக்கு. யாருக்கோ பயந்துக்கிட்டு இருக்காங்க, இல்ல? எனக்குப் பாவமா போச்சுக்கா. கற்பனை ஆள்னு தெரிஞ்சும்.”

முழுப் புள்ளி போட்டேன்.

போட்டி முடிந்ததும், தீர்த்த விதத்தை எழுதிப் பொதுவில் வைப்பது எங்கள் வழக்கம். அடுத்து வருகிறவர்கள் படித்துக் கற்றுக்கொள்வார்கள். அந்தப் பெண்கள் அழகாக எழுதியிருந்தார்கள். படத்துக்குப் படம் சிவப்பு அம்புக்குறி. கணினியைத் தொடாதவருக்கும் புரியும்.

அன்று மாலை மாமா வந்தபோது, “உள்ள வந்து உட்காருங்க மாமா” என்றேன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. நான் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க உள்ளே போனேன். மாத்திரை கொடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. அன்றைக்கு ஆனது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வாசற்படி காலியாக இருந்தது. “மாமா இப்பல்லாம் வர்றதே இல்லக்கா” என்று அக்காவுக்கு எழுதினேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை. அவள் ஒரு படம் போட்டாள். செடி அதேதான். ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

அவர் சொன்னதைச் செய்கிறவர் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

செய்தியில் அந்த ஜன்னலைக் காட்டினார்கள். கம்பிப் பல் பெண் எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள். “அக்கா, அது கற்பனை ஆள்தானே?” அவள்தான் உங்களிடம் வந்து சொன்னாள் என்கிறீர்கள். நல்ல பெண். முடிந்தால், ஆமாம், கற்பனை ஆள்தான் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. “நீ தேடினா கிடைச்சிடுவாடி, ஏன் சும்மா உட்கார்ந்திருக்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் என்னைக் கூட்டிவந்த நாள்வரை வீட்டில் இன்னொன்றும் நடந்தது. காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர்க் குவளையின் கைப்பிடி இடது பக்கம் திரும்பியிருக்கும். நான் வலது கைக்காரி. அம்மாவால் எழுந்திருக்கவே முடியாது. கடைசியாக யார் அங்கே நின்றார்கள் என்று கேட்டால் கண்டுபிடித்துவிடுவேன். நான் கேட்கவில்லை. வலது பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஒன்று விட்டுப்போனது. அந்தப் பெண்கள் தெருவையும் கட்டடத்தையும்தான் எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் அவர்களால் போக முடியவில்லை. அன்று மாலை அம்மா மாத்திரை போட்டுக் கண்ணயர்ந்த பிறகும் நான் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கூடத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். “இது எத்தனாவது மாடிம்மா?”

ஒரு படத்தில், எதிரே இருந்த இரண்டு மாடிக் கட்டடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஜன்னல் விளிம்புக்குச் சற்றுக் கீழே தெரியும். அது வேறு யார் கண்ணிலும் படவில்லை. “மூணாவது” என்றேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தேதான் சொன்னேன், மேடம். எழுந்து போய்த் தேடவில்லை. சத்தியம் அப்படியே இருக்கிறது.