பச்சைப் பொட்டலம்

இன்னும் நெருங்கி உட்காருங்கள். இது நம் குவோ-சுன்னின் சித்தி பீ-யூனுக்கு நடந்தது.

இரவு பதினொன்றரை. கீலுங் துறைமுகத்துக்கு மேலே மலைச்சாலை... விளக்கில்லை, மழை மட்டும். குடைகூட எடுக்காமல் சித்தி சாலை வளைவிலிருந்த கடைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அடிப்பதற்குள் பச்சைப் பொட்டலம் ஒன்று வேண்டும். இல்லையென்றால் புருஷன் இல்லை.

எல்லாம் அந்த டிவியால் வந்த வினை. வாரண்டி முடிந்த மறுவாரமே படம் போனது. சரிசெய்தார்கள், போனது. மறுபடி... மறுபடி. சித்தப்பா ஜியென் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. உப்பு கேட்பதென்றாலும் சபைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேட்பார். கம்பெனிக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் முழங்கினார். மறுமுனையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக வந்த மெக்கானிக் ஆ-ஹுங் பின்மூடியைத் தொடவே இல்லை. டிவி முன்னால் பச்சைச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை வைத்தான். அடங்காத மெஷின் எதுவானாலும் ஊரில் அதுதானே வைத்தியம்.

"பிரிச்சிடாதீங்க ஐயா. தேதி தாண்டறதுக்குள்ள மாத்திடுங்க. பச்சைதான்... மஞ்சள் வேணாம்."

"ஓஹோ! பொரிக்கு வாரண்டி உண்டாக்கும்?"

டிவி ஒழுங்காக ஓடியது. அதுதான் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ராத்திரி பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டார்.

"பாரு பீ-யூன்! கப்பல் கப்பலா சோதனை போட்டவன் நான்... இந்தப் பொரிக்கா..."

பேச்சு பாதியில் நின்றது. வாய் மூடிக்கொண்டது.

கருக்... முருக்... மெல்லும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

திறந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை. சித்தி பதறிப்போய், மாற்றுவதற்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பச்சைப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள். சத்தம் அடங்கியது. "டீ இருக்கா?" என்றார்.

அதன்பின் டிவி பழுதானதே இல்லை. பொட்டலமும் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. அதன் தேதி அன்றோடு முடிகிறது என்பதைச் சித்தி அந்த மழை இரவில்தான் பார்த்தாள்.

"பச்சை தீந்துபோச்சு ஆன்ட்டி. மஞ்சள் இருக்கு. அதுவும் ருசியாத்தான் இருக்கும்" என்றாள் கடைப் பெண்.

"திங்கறதுக்கு இல்லடி..."

வேறு வழியில்லை. மஞ்சளை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

கதவு திறந்து கிடந்தது. கூடமெங்கும் அந்தப் பொரியின் வெண்ணெய் வாசனை. டிவி அணைந்திருந்தது. சோபாவில் அவர், வாயை இறுக மூடிக்கொண்டு.

"ஏங்க..."

மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்தாள். ஒட்டு பிரியவில்லை. உள்ளே ஒன்றுமில்லை.

கருக்... அவள் காதோரம்.

கையிலிருந்த மஞ்சள் பொட்டலம்... மெல்ல மெல்ல லேசாகிக்கொண்டே வந்தது.