ஏட்டுக்கு வாங்கிய சால்வை

குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்.

“அவரு போலீசுலயே இருந்ததில்லையாம்க்கா,” என்றாள் இளையவள்.

“யாரைட்டி சொல்லுத?”

“போன வாரம் அருவியில, ‘நான் பழைய ஏட்டு, எல்லாரும் வெளிய வாங்க’ன்னு சத்தம் போட்டு எங்களை விரட்டுனாருல்லா, அவரத்தான். நாங்க படியேறவும் வெள்ளம் வந்துட்டு. சால்வை போடலாம்னு ஸ்டேஷன்ல போயி விசாரிச்சேன். மீசையைச் சொன்னதுமே சிரிக்காவ. அவுகளுக்குக் காக்கி தைக்கிற டெய்லராம்.”

“பொய்யில்லா சொல்லியிருக்காரு! சால்வைய என்னட்டி செஞ்ச?”

“கடைக்கே போயி அவருக்குப் போத்திட்டுத்தான் வாரேன். டெய்லர்னு சொல்லிக் கூப்பிட்டிருந்தா, நான் பிள்ளையோட அங்கனயே குளிச்சிக்கிட்டு நின்னுருப்பேன்க்கா.”