இடது கைக்குத் தோதான கத்தி

புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அன்றைக்கே அதைப் பற்றிப் பேசிவிடுவது எனக்குப் பிடிக்காது. செருப்பானாலும் சரி, மிக்ஸியானாலும் சரி, கொஞ்ச நாள் கூடவே வைத்துப் புழங்கிப் பார்க்க வேண்டும். இந்தக் கத்தியையும் அப்படித்தான் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வாங்கிய இணையதளத்தில் நாலு வரி எழுதினேன். நான்கு நட்சத்திரம் கொடுத்தேன்.

கத்தி எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்டீர்கள், ஜெனிபர் மேடம். என் தங்கை குணசுந்தரிக்காக வாதாடப் போகிறவர் நீங்கள். உங்களிடம் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கத்தி தன்னுடையது, தானே வாங்கியது என்று அவள் போலீசில் சொல்லிவிட்டாள். அது அப்படியே நின்றுவிட்டால், புருஷனைக் கொல்லவென்றே முன்கூட்டி வாங்கி வைத்திருந்தாள் என்றாகிவிடும், அப்புறம் ஆயுள் முழுக்க உள்ளேதான் என்றீர்கள். அதனால்தான் லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூர் வரை வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

நல்ல கத்தி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. பிடி கறுப்பு, கொஞ்சம் சொரசொரப்பு. ஈரக் கையோடு பிடித்துப் பார்த்தேன், எண்ணெய்க் கையோடும் பிடித்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. திறந்ததும் உள்ளே ஒரு தகடு வந்து பூட்டிக்கொள்ளும், எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. மலிவான கத்திகளில் இதுதான் கோளாறு. அவசரத்தில் அழுத்தினால் மடங்கி நம் விரலையே வெட்டிவிடும். திறக்கும்போது மட்டும் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன், அடங்கிவிட்டது.

ஒரு நட்சத்திரம் குறைத்தது கிளிப்புக்காக. பையில் மாட்டும் கிளிப்பை வலது கைக்காரர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூவைக் கழற்றி மறுபக்கம் மாட்டினேன். பிளேடைக் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் குமிழ் மட்டும் நல்லவேளையாக இரண்டு பக்கமும் இருந்தது. இடது கையாலேயே திறக்கவும் மடக்கவும் பழகினேன். நான் வலது கைக்காரன்.

பொருள் பார்த்து வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, மேடம். என் தொழிலே அதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வால்வு கம்பெனியில் கடைசித் தர ஆய்வு என்னுடையது. ‘துளசிராமன் பார்த்துட்டாரா?’ என்று கேட்டுவிட்டுத்தான் சரக்கை லாரியில் ஏற்றுவார்கள். நான் முத்திரை போட்டு அனுப்பிய சரக்கு திரும்பி வந்ததில்லை. திரும்பி வந்தால் வால்வை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், முத்திரை போட்டவனைத்தான் கேட்பார்கள்.

தேசப்பனையும் நான்தான் பார்த்தேன். எங்கள் கம்பெனியிலேயே கிரேன் ஓட்டினான். கை சுத்தம், வேலை சுத்தம், பெரியவர்களைக் கண்டால் மரியாதை. அப்பா அம்மா போன பிறகு குணாவுக்கு எல்லாம் நான்தான். நான் பார்த்த மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தேன்.

முதல் முறை அவள் அடிபட்டு வந்தபோது சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எந்த வீட்டில் இல்லை இது. அடுத்த முறை வந்தபோது நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். அப்புறம் வந்தபோதெல்லாம் அவளுக்கு நான் வழிச்செலவுக்குக் கொடுத்து, டிபன் டப்பாவில் சோறு கட்டிக்கொடுத்து, திருநின்றவூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வருவேன். ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொடுப்பேன். ஒரு அண்ணன் செய்ய வேண்டியதில் நான் குறை வைக்கவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது. வாடகைக்கு விடலாம் என்று கட்டியது. ஆள் அமையவில்லை, பூட்டியே கிடந்தது. ஒருமுறை குணா அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“மாடி ரூமு சும்மாதான கீதுண்ணா? ஒரு மூலைல படுத்துக்கிறேன். உனுக்கு எந்தத் தொந்தரவும் குடுக்க மாட்டேன்.”

“கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. நான் அவன்கிட்ட பேசறேன்” என்றேன்.

என் மனைவி ஈஸ்வரி சமையலறையிலிருந்து வந்தாள். “அது இன்னா ரோட்ல போறவளா? உன் தங்கச்சிதான? சாவியக் குடு, நான் தொறந்து கூட்டிப் பெருக்குறேன்” என்றாள். சாவி என் பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. அண்ணிக்காரிதான் விடவில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈஸ்வரி ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

சித்திரையில் தேசப்பன் அவள் வலது கையைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். மணிக்கட்டு நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். குணா என்னைப் பார்த்தாள், பிறகு ஆமாம் என்று தலையாட்டினாள். கட்டுப் பிரித்த பிறகும் அந்த விரல்கள் மூடவில்லை. சோற்றைக்கூட இடது கையால்தான் அள்ளினாள். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படிச் சாப்பிடுவதை என்னால் பார்க்கவே முடியவில்லை, மேடம். அன்றைக்கு அவளை ரயிலேற்றிவிட்டு, ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து போனை எடுத்து நல்ல கத்தியாகத் தேட ஆரம்பித்தேன்.

இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். வீட்டுக் கத்தியை வைத்துக்கொண்டு நின்றால் அவன் பார்த்துவிடுவான், பிடுங்கிவிடுவான். இதுவோ புடவை மடிப்பில் நிற்கும், ஒரு கையால் திறக்கும், அழுத்தினால் மடங்காது. அவளுடைய பாதுகாப்புக்குத்தான். அவள் கூடவே எப்போதும் நான் இருக்க முடியாதல்லவா.

கம்பெனிக்குள் கத்தி கொண்டுபோக முடியாது, கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். எதிரே டீக்கடை வைத்திருக்கும் குப்பம்மாளிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போவேன். முதல் நாள் கையில் நீட்டினேன். அந்தம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டுவிட்டது.

“இன்னா நைனா, கத்தியப் போயி கைல நீட்ற? அப்டி கீய வை, நான் எட்த்துக்கிறேன். காலங்காத்தால நமக்குள்ள இன்னாத்துக்கு சண்ட?”

வீட்டில் அம்மாவும் இதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் பகை வரும். கீழே வைத்துவிட்டால் ஒன்றும் இல்லை, எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்வார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. பிறகு எல்லா நாளும் பிஸ்கட் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டே போனேன்.

அந்த வாரக் கடைசியில் குணா போன் செய்தாள். மெதுவாகப் பேசினாள், அழக்கூட இல்லை. “ண்ணா, நான் அங்க வந்துட்றேண்ணா. இந்தத் தபா திருப்பி அனுப்பாத. அனுப்புனா நான் எங்க போவேன்னு எனுக்கே தெரியாது.” பேச்சுவாக்கில், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு வரிசையிலேயே தானும் அவனும் மட்டும்தான் என்றாள். ‘நான் வர்றேன், இரு’ என்றேன். சந்தோஷப்பட்டாள். கூட்டிப்போக வருகிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஞாயிறு மத்தியானம் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு, அவர்கள் வீட்டுக்கு, பைக்கில் போனேன். பிரியாணி பார்சலும் கொய்யாப்பழமும் வாங்கிக்கொண்டேன். தேசப்பன் காலையிலிருந்தே குடித்திருந்தான். ஆனாலும் எழுந்து, “வா மச்சான், இன்னா இம்மாம் தூரம்?” என்று பாயை விரித்தான். மரியாதையில் அவன் குறை வைக்கவே மாட்டான். அதைப் பார்த்துத்தான் நானே ஏமாந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் கொய்யாவைத் தட்டில் வைத்து, பக்கத்தில், குணாவின் இடது கைப்பக்கமாக, கத்தியைக் கீழே வைத்தேன்.

“இன்னாண்ணா, புச்சா கீது?”

“பழம் நறுக்கத்தான். உன் கைக்குச் சரியா வரும், எட்த்துப் பாரு.”

எடுத்தாள். கட்டைவிரலால் தள்ளினாள், சத்தமில்லாமல் திறந்தது. இன்னொரு முறை மடக்கித் திறந்தாள். “ஐய, ஒத்தக் கைலயே வருதே” என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. கீற்றுக் கீற்றாக நறுக்கி மிளகாய்ப்பொடி உப்பு தூவி, முதல் துண்டை எனக்குத்தான் வைத்தாள்.

அப்போது ஒரு பையைக் கவனித்தேன். கதவோரமாக, துணிகள் அடைத்து, கட்டி வைத்திருந்தாள். அவள் கிளம்பத் தயாராக இருந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததைப் போலீசிடம் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். சோடா வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்தேன், வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்று. அது முழுக்கப் பொய் இல்லை. ஆனால் சோடா வாங்கப் போவதற்கு முன்னால் தேசப்பனிடம் ஒன்று சொன்னேன்.

“மாப்ள, குணா உங்கள உட்டுட்டு எங்கூடயே வந்துட்றேன்னு சொல்றா. போன்ல சொன்னா. பை கூட கட்டி வச்சிருக்கா பாருங்க. நீங்களே இன்னான்னு கேளுங்க.”

குணா நறுக்குவதை நிறுத்திவிட்டாள். என்னைத்தான் பார்த்தாள், அவனை அல்ல. நான் சோடா வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்து கதவைச் சாத்தினேன். லைன் வீட்டுக் கதவுகளுக்கு வெளியிலும் தாழ்ப்பாள் உண்டு. அதைப் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். அடி விழுந்தால் அவள் எப்போதும் ஓடிவந்துவிடுவாள், மேடம். ஓடி எங்கே வருவாள், என்னிடம்தான் வருவாள். நான் திரும்பவும் கொண்டுபோய் விட வேண்டும். அவள் திரும்பவும் ஓடிவர வேண்டும். இதற்கு ஒரு முடிவு வேண்டாமா. அவளாக முடிக்க மாட்டாள் என்று தெரியும். பயந்த சுபாவம்.

நான் எங்கும் போகவில்லை. பைக் பக்கத்தில் நின்றேன். உள்ளே பாத்திரம் உருண்டது. அவன் கத்தினான். பிறகு அவள் கதவைத் தட்டினாள். “ண்ணா, தொற. ண்ணா, கதவத் தொறண்ணா.” ரொம்ப நேரம் தட்டினாள். அந்தத் தட்டல் இப்போதும் காதில் கேட்கிறது. ஈஸ்வரி தண்ணீர்ப் பானையை வைத்தால்கூட எனக்கு அதுதான் கேட்கிறது. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். வைத்த கை நகரவில்லை. பிறகு தட்டுவது நின்றுவிட்டது.

இரண்டு பேரில் யார் போனாலும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தாயா என்று உங்கள் முகம் கேட்கிறது. அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கத்தி நல்ல கத்தி, அது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது.

கதவைத் திறந்தபோது தேசப்பன் பாயில் கிடந்தான். அசைவில்லை. குணா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கத்தியை என் பக்கம் நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றி நீட்டுவாளே, அதே மாதிரி. என் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

“கீய வைம்மா” என்றேன்.

வைத்தாள். அதன் பிறகுதான் சோடா வாங்கப் போனேன்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஜட்ஜ் முன்னாலும் சொல்கிறேன். எனக்கு என்ன கிடைத்தாலும் பரவாயில்லை. நீங்கள் எனக்கு ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். வாராவாரம் ஜெயிலுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடக்கிறேன். ஈஸ்வரி போனால் குணா வருகிறாள், நேரம் முடியும் வரை பேசுகிறாளாம். என் பெயரைச் சொன்னால் மட்டும் வர மாட்டேன் என்கிறாளாம். மாடி அறையைத் திறந்து வெள்ளையடித்து வைத்திருக்கிறேன், அதையாவது அவளிடம் சொல்லுங்கள். என் மேல் அவளுக்கு என்ன கோபம் என்று கேளுங்கள். கத்தியை நான் அவள் கையில் கொடுக்கவில்லை. அவள் நீட்டியபோது நானும் கையில் வாங்கவில்லை. எங்களுக்குள் சண்டை வர வழியே இல்லையே, மேடம்.