ஏலத்துச் சாவல்

பயப்படாதிங்க தம்பி, சாவல் கொத்தாது, கால் கட்டிக் கிடக்கு. இப்பிடி இரிங்க. கோயில் மணி அடிக்க இன்னும் நேரம் கிடக்கு.

மட்டக்களப்புக்குப் புதுசா? அதான் கேக்கிறீங்க. இது ஸ்தோத்திரக் காணிக்கை. இண்டைக்கு நாட்டுக்குச் சுதந்திரமெல்லோ, வீட்டுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னார் போதகர். ஆராதனை முடிய மரத்தடியில ஏலம். கொண்டுவந்த வீட்டாக்களே திருப்பி எடுக்கிறதுதான் எங்கட வழக்கம். ஆசீர்வாதம் வீட்டுக்குத் திரும்பி வருமாம். உள்ளூரான் ஒருத்தனும் குறுக்க கேக்கமாட்டான்.

கண் சிவப்பா? சீ, குடிக்கல்ல. கச்சேரியில, அரசாங்கக் கந்தோருல, ராக்காவல் நான். முழிச்ச கண்ணோட நேர இஞ்ச வாறன்.

அந்த வேலையாலதான் அங்கத்தை வெள்ளைக்காரத் துரையோட கதைக்கக் கிடைச்சுது. என்ர மகன் நத்தானி திருக்கோணமலைத் துறைமுகத்துல வேலை செஞ்சவன். யப்பான்காரன் குண்டு போட்ட அண்டையில இருந்து ஆளுமில்ல, பிணமுமில்ல. துரைதான் விசாரிச்சுச் சொல்றன் எண்டவர். கேக்கிற நேரமெல்லாம், பாக்கிறம், பாக்கிறம் எண்டுவார். அந்த ஒரு சொல்லுலதான் நானும் எஸ்தரும் உசிர வச்சிருந்தம்.

எஸ்தர் என்ர பெண்சாதி. மகன் வந்த அண்டைக்கே கறி வைக்கோணும் எண்டு வீட்டுல எப்பவும் ஒரு சாவல் நிக்கும். அது கிழடாகிச் செத்தா மறுகா ஒண்டு. இது அவ கடைசியா வளர்த்தது. போன மாரியில காய்ச்சல் அவளயும் கொண்டு போயிட்டுது.

ஓம், வெள்ளைக்காரன் போறது சந்தோசம்தான். ஆரு இல்லையெண்டா? முந்தாநாள் துரை பெட்டி கட்டினார். கயிற இழுத்துப் பிடிச்சது நான்தான். பிடிச்சபடியே கேட்டன், ஐயா, நத்தானிர காரியம் எண்டு.

எந்த நத்தானி எண்டார்.

எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் பண்ணச் சொல்லி வேதத்துல கிடக்கு. எதுக்குப் பண்ண எண்டு ராத்திரி முழுக்க யோசிச்சன். ஒண்டுதான் அகப்பட்டுது. துரைர அந்தக் கேள்வி காதுல விழாமலே எஸ்தர் போயிட்டா. அதுக்குப் பண்ணலாம்.

அந்தா, மணி அடிக்குது. தம்பி, ஒரு உதவி. ஏலத்துல இந்தச் சாவலத் தூக்கினா எல்லாரும் என்ன மட்டும்தான் பாப்பாங்க. நான் வாய் திறக்கமாட்டன். நீங்க வழக்கம் தெரியாத ஆள், கேட்டாக் குத்தமில்ல. நீங்க எடுங்க. இண்டைக்கே அறுத்துக் கறி வைங்க. நல்ல இளஞ் சாவல்.