பட்டியலுக்கு ஒரு பெயர்

நிமோல்: மெதுவாப் பேசு தம்பி. பக்கத்து மீன்கடைக்காரி காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

சாரின்: கேட்டுட்டுப் போகட்டும். நாம எழுதப் போறது இங்கிலீஷ்ல, அது அவளுக்குத் தெரியுமா என்ன? பேனாவப் பிடிங்கக்கா. ஒன்பதரை ஆச்சு. பத்து மணிக்கு மொலிகா அமெரிக்காவுல விமானம் ஏறிடுவா.

நிமோல்: கையெல்லாம் மீன் நாத்தம்...

சாரின்: எட்டு மாசமா அதே கையோடதான என்கிட்ட பாடம் எழுதுனீங்க? இருபது வருஷத்துக்கு முன்னாடி தத்துப் போன பிள்ளை பழைய காகிதத்தைத் தேடிப் பிடிச்சு, சித்தி சித்தின்னு உங்களுக்கு எழுதுது. அதுக்கு பதில் எழுதத்தான இந்தப் படிப்பே?

நிமோல்: அவ என்ன கேட்டிருக்கா? இன்னொரு தடவை சொல்லு.

சாரின்: இதோட நாலாவது தடவை. 'சித்தி, முன்னோருக்குப் படைக்கிற பிச்சும் பென் திருநாளுக்கு கம்போடியா வர்றேன், நம்ம பட்டம்பாங் ஊருக்கு. செத்துப்போன எங்கம்மாவுக்கு விகாரையில சோறு படைக்கணும். பிக்குகள் வாசிக்கிற இறந்தவங்க பட்டியல்ல சேக்க அம்மா பேரு வேணும். நான் ஏறுறதுக்குள்ள அனுப்புங்க.' அவ்வளவுதான்.

நிமோல்: வெள்ளம்னு எழுதிடலாமா? ரோடெல்லாம் மூழ்கிப் போச்சு, அடுத்த வருஷம் வான்னு...

சாரின்: வானத்துல வர்றவளுக்கு ரோடு மூழ்கினா என்ன?

நிமோல்: உனக்கு எல்லாம் கிண்டல்.

சாரின்: ஒரே ஒரு பேருதான்க்கா. உங்க கூடப் பிறந்த அக்கா பேரு. தெரியாதா?

நிமோல்: ...மறந்து போச்சு.

சாரின்: நல்லாருக்கு. அப்ப ஏதோ ஒண்ணு எழுதுங்க. சொபால்னு போடுங்க. பிக்கு என்ன அடையாள அட்டையா கேக்கப் போறாரு?

நிமோல்: வாயைக் கழுவு. இல்லாத ஒருத்தி பேர்ல பிள்ளை சோறு படைச்சா அது யாருக்குப் போய்ச் சேரும்?

சாரின்: அப்ப உண்மையான பேரை எழுதுங்க.

நிமோல்: உசுரோட இருக்கறவ பேரை எப்படி...

சாரின்: என்ன சொன்னீங்க?

நிமோல்: ஒண்ணுமில்ல.

சாரின்: நேத்து உங்க நோட்டைத் திருத்துனேன். முந்நூறு வார்த்தை இருக்கு. இந்தச் சந்தையில எல்லாரும் விலை, கிலோ, சில்லறைன்னு கேட்டுப் படிக்கிறாங்க. நீங்க கேட்டது காய்ச்சல், பசி, தூளி, பால் பல்லு, மன்னிப்பு. 'செத்துட்டாங்க'ங்கிறத நான் மூணு தரம் பலகையில எழுதினேன். நீங்க ஒரு தரம்கூட எழுதிக்கல.

நிமோல்: வாத்தியார் வேலையைப் பாரு. போலீஸ் வேலை உனக்கு எதுக்கு?

சாரின்: ஒன்பது நாப்பது.

நிமோல்: ...ஜாதகம் ஒத்துப் போகலன்னு சொல்லிட்டாங்க தம்பி.

சாரின்: யாருக்கும் யாருக்கும்?

நிமோல்: எனக்கும் பிள்ளைக்கும். அம்மான்னு கூப்பிட்டா ரெண்டு பேர்ல ஒருத்தர் தங்க மாட்டோம், சித்தின்னு கூப்பிடப் பழக்குன்னு குறி சொல்றவர் சொன்னாரு. ஊர்ல யாரும் செய்யாததா? உங்க வீட்லயே...

சாரின்: ஆமா, எங்கப்பாவ நான் சித்தப்பான்னுதான் கூப்பிடுறேன். சொல்லுங்க.

நிமோல்: பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவளுக்கு நான் சித்திதான். நாலு வயசுல காய்ச்சல் வந்துச்சு. விடவே இல்ல. அநாதை இல்லத்துல குடுத்தா பொழைச்சுக்கும், வெளிநாட்டுல படிச்சிட்டு திரும்பி வந்துரும்னாங்க. 'இவங்க உனக்கு யாரு'ன்னு பிள்ளைகிட்ட கேட்டாங்க. சித்தின்னா. அப்படியே எழுதிக்கிட்டாங்க. அம்மா செத்துட்டான்னும் எழுதிக்கிட்டாங்க போல. எனக்கு அப்ப நம்ம கெமர் எழுத்தே தெரியாது. கட்டைவிரல அமுக்கிட்டு வந்துட்டேன்.

சாரின்: இந்த எட்டு மாசத்துல ஒரு வரி சொல்லியிருக்கலாமேக்கா...

நிமோல்: என்னன்னு சொல்ல? சித்தி விட்டுட்டுப் போனான்னா பிள்ளை மன்னிச்சிரும். பெத்தவ விட்டுட்டுப் போனான்னா?

சாரின்: அப்ப அவ வந்து, நீங்க பக்கத்துல உக்காந்திருக்க, உங்களுக்கே சோறு படைப்பா. பிக்குகள் உங்க பேரையே வாசிப்பாங்க. கேட்டுக்கிட்டு இருந்துருவீங்களா? பத்தாகப் பத்து நிமிஷம்.

நிமோல்: பேனாவக் குடு.

சாரின்: நான் எழுதட்டுமா?

நிமோல்: தொடாத. 'ஐ'... அடுத்தது... வேணாம், நீ சொல்லாத. எனக்குத் தெரியும்.

சாரின்: பேனாவ அழுத்தாதீங்க, காகிதம் கிழிஞ்சிரும்.

நிமோல்: கிழியட்டும். ...இந்தா. படி.

சாரின்: 'நான் உன் அம்மா. பேர் நிமோல். சாகல. உனக்குக் காய்ச்சல். எனக்கு பயம். மன்னிப்பு.'

நிமோல்: தப்பு இருக்கா?

சாரின்: இருக்கு. திருத்த மாட்டேன். ...படம் எடுத்து அனுப்பிட்டேன்.

நிமோல்: அனுப்பிட்டியா... ஏறிட்டாளா? பாத்தாளா? போனக் குடு.

சாரின்: இருங்கக்கா, பதில் வரட்டும்.

நிமோல்: குடுங்கறேன்ல. அவ எழுதினத நானே ஒரு தரம் பாக்கறேன். எழுத்துக் கூட்டத் தெரியும்ல எனக்கு. 'ஆர்... யூ... மை... மதர்.' இது என்ன, ஒரே வரிதான் இருக்கு? சாரின்... விகாரை எங்க? பட்டியல் எங்க?

சாரின்: விமானம் நெசம்க்கா, அத முன்னாடியே சொல்லியிருந்தா. பட்டியல் நான் சொன்ன பொய். காலையில வந்தது அந்த ஒரு வரிதான்... அத அப்படியே படிச்சிருந்தா நீங்க 'இல்ல'ன்னு எழுதியிருப்பீங்க.